எராஸ்மஸ் பிளஸ், கிரியேட்டிவ் யூரோப்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியம் கல்விக்கும் பயிற்சிக்கும் கலைக்கும் தரும் பணத்தைப் பற்றி என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. சென்னையிலிருந்து கேட்பவருக்கும் ஒஸ்லோவிலிருந்து கேட்பவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் போட்டுவைக்கலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். தொகைகளும் விதிகளும் 2021–2027 காலத்துக்கானவை. ஆண்டுதோறும் வெளியாகும் திட்டக் கையேட்டில் சில்லறை மாற்றங்கள் வரும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எராஸ்மஸ்னா ஒரு ஸ்காலர்ஷிப் பேருதானே?

ஸ்காலர்ஷிப் அதில் ஒரு பகுதி மட்டும். 1987-இல் 11 நாடுகள் சேர்ந்து மாணவர் பரிமாற்றத் திட்டமாக இதைத் தொடங்கின. முதல் ஆண்டில் போய்வந்தவர்கள் 3,244 பேர். ஊர் ஊராக அலைந்து படித்த ரோட்டர்டாம் அறிஞர் எராஸ்மஸின் பெயர் அதற்குப் பொருத்தமாக அமைந்தது.

2014-இல் பள்ளி, தொழிற்பயிற்சி, முதியோர் கல்வி, இளைஞர் நலன் ஆகியவற்றுக்காகத் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்த திட்டங்களை இதோடு ஒன்றாகச் சேர்த்து, விளையாட்டுக்கும் இடம் தந்து ‘எராஸ்மஸ் பிளஸ்’ ஆக்கினார்கள். ஏழாண்டுக்கு ஒருமுறை நிதி ஒதுக்குவது ஒன்றியத்தின் வழக்கம். 2014–2020-க்கு ஏறத்தாழ 1,470 கோடி யூரோ ஒதுக்கினார்கள். 2021–2027-க்கு அது ஏறத்தாழ 2,620 கோடி. இதில் பல்கலைக்கழக மாணவருக்கும் பங்கு உண்டு, வெளிநாட்டுப் பட்டறையில் பயிற்சி எடுக்கும் தச்சருக்கும் உண்டு.

கிரியேட்டிவ் யூரோப் அதோட ஒரு கிளையா?

இல்லை. சட்டமும் வேறு, கணக்கும் வேறு. 1991 முதல் திரைத்துறைக்காக இருந்த ‘மீடியா’ திட்டத்தையும் பண்பாட்டுத் திட்டத்தையும் 2014-இல் ஒரே கூரைக்குள் கொண்டுவந்ததுதான் கிரியேட்டிவ் யூரோப். இப்போதைய ஒதுக்கீடு ஏறத்தாழ 244 கோடி யூரோ. எராஸ்மஸ் பிளஸோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் பாதிக்கு மேல் திரைத்துறைக்கே போய்விடும். நாடகம், இசை, நூல், அருங்காட்சியகம் எல்லாம் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கலைக்கு ஐரோப்பா அள்ளிக் கொடுக்கிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்ளிகேஷனை பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பணுமா?

சிலவற்றை மட்டும். எராஸ்மஸ் பிளஸ் பணத்தின் பெரும்பகுதியை அந்தந்த நாட்டில் இருக்கும் தேசிய முகமைகள்தான் பிரித்துக் கொடுக்கின்றன. ஜெர்மனியில் மட்டும் இப்படி நான்கு முகமைகள்: உயர்கல்விக்கு டி.ஏ.ஏ.டி., பள்ளி, தொழிற்கல்வி, இளைஞர் பிரிவுகளுக்கு ஒவ்வொன்று. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்புகள் போன்ற பெரிய கூட்டுத் திட்டங்களையும் கிரியேட்டிவ் யூரோப்பின் பெரும்பகுதியையும் பிரஸ்ஸல்ஸில் உள்ள கல்வி, பண்பாட்டு நிர்வாக முகமை நேரடியாகக் கையாள்கிறது.

கல்வியும் பண்பாடும் அந்தந்த நாட்டின் பொறுப்பு, ஒன்றியம் துணை நிற்கலாமே தவிர உத்தரவு போட முடியாது என்று ஒன்றிய ஒப்பந்தத்தின் 165 முதல் 167 வரையான பிரிவுகள் சொல்கின்றன. அதனால்தான் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லாமல், எல்லை தாண்டிச் சேர்ந்து செய்யும் வேலைக்கு மட்டும் பணம் தருகிறார்கள். ‘ஒரே நாட்டுக்குள் நடக்கும் நல்ல வேலைக்கு ஏன் தர மாட்டார்கள்’ என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

நான் தனி ஆளா விண்ணப்பிக்கலாமா, இல்ல ஏதாவது அமைப்பு வேணுமா?

பெரும்பாலும் அமைப்பு வேண்டும். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ஓர் இடத்தில்தான் தடுக்கி நிற்கின்றன. பல்கலைக்கழகம், பள்ளி, சங்கம், நிறுவனம், நகராட்சி என்று ஏதோ ஒன்றுதான் விண்ணப்பிக்கும், பணமும் அதன் கணக்குக்குத்தான் வரும். அதன் வழியாகவே உங்கள் கைக்கு வரும். ஆகவே ‘எனக்கு என்ன கிடைக்கும்’ என்று தேடுவதைவிட ‘எந்த அமைப்பு வழியாக எனக்கு வரும்’ என்று தேடினால் நேரம் மிச்சம்.

விதிவிலக்குகள் மூன்றைச் சொல்லலாம். எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்புகளுக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 18 வயது இளைஞர்களுக்கு ரயில் பாஸ் தரும் டிஸ்கவர் ஈ.யூ. இரண்டாவது. கலைஞர்களின் பயணத்துக்கு உதவும் கல்ச்சர் மூவ்ஸ் யூரோப் மூன்றாவது. அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எந்தெந்த நாடு உள்ளே? சுவிஸ், லண்டன் எல்லாம் சேர்த்தியா?

எராஸ்மஸ் பிளஸில் ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், துருக்கி, செர்பியா, வட மாசிடோனியா ஆகிய ஆறும் முழு உரிமையோடு இருக்கின்றன. கிரியேட்டிவ் யூரோப்பின் பட்டியல் வேறு. உக்ரைனும் ஜார்ஜியாவும் அதில் உண்டு.

சுவிட்சர்லாந்து 2014 பிப்ரவரியில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த நடத்திய பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு வெளியே போனது. அதன்பின் சொந்தப் பணத்தில் தன் மாணவர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. 2027-இல் எராஸ்மஸ் பிளஸில் மறுபடி சேர்வதற்கு வழி செய்யும் ஒப்பந்தம் 2025 நவம்பரில் கையெழுத்தானது. பிரிட்டன் பிரெக்சிட்டோடு விலகி 2021-இல் டூரிங் என்ற சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவும் 2027-இல் திரும்பி வருவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதுவரை சூரிச்சிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பக்கத்தின் பல பதில்கள் பொருந்தாது.

இந்தியாவுல இருந்து பார்க்கிற எங்களுக்கு எந்த வழி திறந்திருக்கு?

முதல் வழி எராஸ்மஸ் முண்டஸ். அடுத்தது, உங்கள் கல்லூரிக்கும் ஓர் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே எராஸ்மஸ் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் 2 முதல் 12 மாதம் வரை அங்கே போய்ப் படித்துவிட்டு வருவது. ஒப்பந்தம் இருக்கிறதா என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் மாணவர் ஒருவரால் அதை உண்டாக்க முடியாது. மூன்றாவதாக, உயர்கல்வித் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் ஆசியப் பகுதியின் கீழ் இந்தியாவும் இலங்கையும் வருகின்றன. ஆனால் அது கல்லூரிகள் சேர்ந்து செய்ய வேண்டியது. மாணவருக்கான கதவு அல்ல.

முனைவர் பட்டத்துக்கு இதைத் தேடுகிறவர்கள் வேறிடம் போக வேண்டும். அதற்கு மரீ ஸ்க்வோடோவ்ஸ்கா-கியூரி நிதி இருக்கிறது. அது ஹொரைசன் யூரோப் என்ற ஆராய்ச்சித் திட்டத்தைச் சேர்ந்தது.

முண்டஸ்ல மாசம் 1,400 யூரோ தராங்களாமே. கைக்கே வருமா? போதுமா?

வரும். அதிகபட்சம் 24 மாதம், ஆக மொத்தம் 33,600 யூரோ. உதவித்தொகை பெற்றவரிடம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவக் காப்பீட்டையும் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பே பார்த்துக்கொள்ளும். முன்பு பயணத்துக்கென்று தனியாக ஒரு தொகை தருவார்கள். இப்போது விமானச் சீட்டு, விசா, குடியேறும் செலவு எல்லாமே அந்த 1,400-க்குள் அடக்கம்.

போதுமா என்பது எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. ஹங்கேரியிலோ போர்ச்சுகலின் சிறு நகரத்திலோ இருந்தால் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பலாம். பாரிசிலோ டப்ளினிலோ அறை வாடகையே பெரும்பங்கைத் தின்றுவிடும். முண்டஸ் படிப்பில் குறைந்தது இரண்டு நாடுகளில் படித்தாக வேண்டும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது வீடு மாற்றி, முன்பணம் கட்டி, குடியிருப்பு அனுமதிக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். விளம்பரங்களில் இது வராது.

இன்னொன்று, முதல் மாதத் தொகை பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்து வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும். டிக்கெட்டையும் முன்பணத்தையும் முதல் சில வாரச் சாப்பாட்டையும் உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டும். இதற்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள், கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு முன்கூட்டியே எழுதி, பணம் எந்தத் தேதியில் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சார், எனக்கு 72 பர்சன்ட்தான். வாய்ப்பு இருக்கா?

மதிப்பெண்ணுக்கு எல்லாப் படிப்புக்கும் பொதுவான வெட்டுக்கோடு கிடையாது. மூன்று நாடுகளிலிருந்தாவது மூன்று கல்வி நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்புதான் ஒவ்வொரு படிப்பையும் நடத்துகிறது. யாரை எடுப்பது என்பதும் அவர்கள் கையில்தான். சிலர் மதிப்பெண்ணுக்கு முக்கியத்துவம் தருவார்கள். வேறு சிலர் பணி அனுபவத்துக்கும் நோக்கக் கடிதத்துக்கும் அதைவிட அதிகப் புள்ளி வைத்திருப்பார்கள். எதற்கு எத்தனை புள்ளி என்பதைப் பெரும்பாலான படிப்புகளின் தளத்திலேயே போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் ஒரே கடிதத்தைப் பத்துப் படிப்புக்கு அனுப்புகிறவர்களைப் பார்க்கும்போது பாவமாக இருக்கும்.

பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. ஒரு படிப்பின் மொத்த உதவித்தொகைகளில் ஒரே நாட்டவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. உலகின் சில பகுதிகளுக்கென்று தனியாகக் கூடுதல் இடங்கள் தருவதும் உண்டு. இந்தியாவிலிருந்து மிக அதிகமானோர் விண்ணப்பிக்கிறார்கள், தேர்வாகிறவர்களிலும் இந்தியர்கள் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறார்கள். அப்படியென்றால் உங்களுக்கு உண்மையான போட்டி பிரேசில்காரரோடு அல்ல. டெல்லி, புனே, கோயம்புத்தூரோடுதான். எல்லோரும் குவியும் தரவு அறிவியலைவிட, ஆள் குறைவாக வரும் மண்ணியலிலோ பாரம்பரியக் காப்பியலிலோ உங்களுக்கு உண்மையான ஆர்வமும் பின்புலமும் இருந்தால் அங்கே போடுங்கள். இடத்துக்காக இல்லாத ஆர்வத்தை இட்டுக்கட்டினால் நேர்காணலில் தெரிந்துவிடும்.

ஒரு கன்சல்டன்சி ஒரு லட்சம் கேட்கிறாங்க. கட்டலாமா?

வேண்டாம். முண்டஸுக்கு முகவர் என்று யாரும் கிடையாது. நிர்வாக முகமையின் தளத்தில் படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. அங்கிருந்து அந்தந்தப் படிப்பின் தளத்துக்குப் போய் நீங்களே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரிக்குள் கடைசித் தேதி வந்துவிடும். இளங்கலை இறுதியாண்டில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை.

பரதநாட்டியம், சினிமான்னு இருக்கிறவங்களுக்கும் முண்டஸ் உண்டா?

உண்டு. நடனத்தை மானுடவியல் நோக்கிலும் பாரம்பரிய நோக்கிலும் படிக்கும் கோரியோமுண்டஸ், லிஸ்பன், புடாபெஸ்ட், பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று நகரங்களில் ஆவணப்படம் கற்பிக்கும் டாக்நோமாட்ஸ் இரண்டும் இந்தத் திட்டத்தில் உருவானவைதான். எந்த ஆண்டில் எந்தப் படிப்புக்கு உதவித்தொகை இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், பட்டியலைப் பாருங்கள். கோரியோமுண்டஸ் மேடையேற்றப் பயிற்சிக்கான படிப்பு அல்ல. ஆட்டத்தைப் பற்றி எழுதவும் ஆராயவும் விரும்புகிறவர்களுக்கானது.

என் மகள் ஜெர்மனியில படிக்கிறா, இந்தியன் பாஸ்போர்ட். ஒரு செமஸ்டர் ஸ்பெயின் போறேங்கிறா. ரெண்டு இடத்துக்கும் ஃபீஸ் கட்டணுமா?

வேண்டாம். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் கட்ட வேண்டியதைக் கட்டினால் போதும். ஸ்பெயினில் கல்விக் கட்டணம் கேட்க மாட்டார்கள். குடியுரிமையும் தடையில்லை, எங்கே சேர்ந்து படிக்கிறார் என்பதுதான் கணக்கு. குறைந்தது 2 மாதம் போக வேண்டும். இளங்கலை, முதுகலை, முனைவர் என ஒவ்வொரு கட்டத்திலும் மொத்தம் 12 மாதம் வரை போகலாம். மாதத் தொகை போகும் நாட்டின் விலைவாசியைப் பொறுத்தது. வசதிக் குறைவான பின்னணி என்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் மாதம் 250 யூரோவும், தொழிற்பயிற்சியாகப் போனால் 150 யூரோவும் கூடுதலாகக் கிடைக்கும்.

கிளம்பும் முன் கற்றல் ஒப்பந்தத்தில் மூன்று தரப்பின் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்: மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம். அந்தத் தாள் இருந்தால்தான் ஸ்பெயினில் படித்த பாடங்கள் ஜெர்மனியில் கணக்கில் சேரும். முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30 என்பது ஐரோப்பாவின் பொது அளவு. விசா விஷயத்தில், 2016-இன் மாணவர் இடப்பெயர்வு ஆணையின்படி இப்படிப் போகிறவர்கள் 360 நாள் வரை இன்னோர் ஒன்றிய நாட்டில் படிக்க முடியும். டென்மார்க்கும் அயர்லாந்தும் அந்த ஆணையில் சேரவில்லை, அங்கே போகிறவர்கள் தூதரகத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

நாங்கள் நோர்வேயில சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்துறம். எங்களுக்கும் ஏதும் காசு எடுக்கலாமோ?

எடுக்கலாம். பதிவுசெய்த சங்கமாக இருக்க வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்காகவே 2021-இல் ‘சிறிய கூட்டாண்மை’ என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு அமைப்புகள் போதும். தொகை 30,000 அல்லது 60,000 யூரோ. அடுத்த கட்டமான ஒத்துழைப்புக் கூட்டாண்மைக்கு மூன்று நாடுகளின் மூன்று அமைப்புகள் வேண்டும். அதில் 1,20,000, 2,50,000, 4,00,000 என்று மூன்று தொகைகள் இருக்கின்றன. முதல் தடவையே அங்கே போகாதீர்கள்.

வழக்கமான வகுப்புக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் மண்டப வாடகைக்கும் இந்தப் பணம் கிடைக்காது. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு புது வேலை வேண்டும். டென்மார்க்கிலோ ஜெர்மனியிலோ உள்ள ஒரு பள்ளியோடு சேர்ந்து, வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறைகளை உருவாக்குகிறோம் என்று போட்டால் படிப்பார்கள். ‘எங்கள் மொழி தொன்மையானது’ என்ற வாதம் மதிப்பீட்டாளரை அசைக்காது. எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, டிஜிட்டல், சுற்றுச்சூழல், குடிமைப் பங்கேற்பு ஆகிய நான்கு முன்னுரிமைகளில் உங்கள் வேலை எதைத் தொடுகிறது என்றுதான் தேடுவார்கள். பிற தாய்மொழிப் பிள்ளைகளுக்கும் உதவும்படி அமைத்தால் இன்னும் நல்லது.

இது மொத்தத் தொகையாக வரும் நிதி. பேருந்துச் சீட்டையும் தேநீர் ரசீதையும் ஒவ்வொன்றாகக் கேட்க மாட்டார்கள். சொன்ன வேலையை முடித்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள். அதற்காக ரசீதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், உங்கள் நாட்டுத் தணிக்கைச் சட்டம் கேட்கும்.

முழுச் செலவையும் அவங்களே ஏத்துக்குவாங்களா?

கிரியேட்டிவ் யூரோப்பில் இல்லை. பண்பாட்டுப் பிரிவின் கூட்டுறவுத் திட்டங்களில் மூன்று அளவுகள். மூன்று நாடுகளின் மூன்று அமைப்புகள் சேர்ந்தால் 2 லட்சம் யூரோ வரை, செலவில் 80 சதவீதம். ஐந்து நாடுகளின் ஐந்து அமைப்புகள் என்றால் 10 லட்சம் வரை, 70 சதவீதம். பத்து நாடுகளின் பத்து அமைப்புகள் என்றால் 20 லட்சம் வரை, 60 சதவீதம். மிச்சத்தை நகராட்சி, அறக்கட்டளை, டிக்கெட் வருமானம் என்று எங்கிருந்தாவது நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். பெரிதாகப் போகப் போகச் சொந்தப் பங்கும் ஏறுவதைக் கவனியுங்கள். எராஸ்மஸ் பிளஸானாலும் கிரியேட்டிவ் யூரோப்பானாலும் கடைசித் தவணை வேலை முடிந்து அறிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வரும். கையில் இருப்பு இல்லாத சிறு குழுக்கள் அந்த இடைவெளியில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் பாரிசில இருக்கிற நாடகக்காரன். சங்கம், கம்பெனி ஒண்டும் இல்லை. எனக்கு என்ன இருக்கு?

மேலே சொன்ன மூன்றாவது விதிவிலக்கு உங்களுக்குத்தான். கல்ச்சர் மூவ்ஸ் யூரோப் திட்டத்தை 2022 முதல் கோத்தே நிறுவனம் கிரியேட்டிவ் யூரோப் பணத்தில் நடத்துகிறது. திட்டத்தில் உள்ள இன்னொரு நாட்டில் ஒரு பங்காளியோடு சேர்ந்து வேலை செய்யப் போனால் பயணப்படியும் நாட்படியும் தருவார்கள். சட்டப்படி அங்கே வசிப்பவராக இருந்தால் போதும், பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் பங்காளியின் அழைப்பு இல்லாமல் விண்ணப்பம் நகராது. அந்தக் கடிதத்தை முதலில் வாங்குங்கள்.

தமிழ் நாவலை பிரெஞ்சுல கொண்டுவர இதுல பணம் கிடைக்குமா?

கிடைக்காது. கிரியேட்டிவ் யூரோப்பின் இலக்கிய நிதி, பங்கேற்கும் ஒரு நாட்டின் மொழியிலிருந்து இன்னொரு நாட்டின் மொழிக்குப் போகும் புனைவுகளுக்கு மட்டும். அதிலும் ஒரு புத்தகத்தை மட்டும் கொண்டுபோக முடியாது. பதிப்பாளர் குறைந்தது ஐந்து நூல்களின் தொகுப்பாகக் கொடுக்க வேண்டும்.

பிரெஞ்சுப் பதிப்பாளர் கிடைத்துவிட்டால் பிரான்சின் தேசிய நூல் மையத்தில் மொழிபெயர்ப்பு உதவிக்கு அவர் கேட்கலாம். 2023 முதல் சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரும் மொழிபெயர்ப்பு மானியமும் இருக்கிறது. தமிழிலிருந்து வெளியே போகும் புத்தகத்துக்கு இவைதான் சரியான இடங்கள்.

படம் எடுக்க மீடியா பணம் தருமா? யூரிமாஜ் அதுதானா?

இரண்டும் வேறு. யூரிமாஜ் ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய அவையின் கூட்டுத் தயாரிப்பு நிதி. அந்த அவை ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு அல்ல. மீடியா பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முந்தைய உருவாக்கத்துக்கும், முடிந்த படம் எல்லை தாண்டி ஓடுவதற்கும் தரும். பல நாடுகளில் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சிப் படைப்புகளுக்குத் தயாரிப்பு உதவி உண்டு. எதுவானாலும் விண்ணப்பிப்பவர் பங்கேற்கும் நாட்டில் பதிவான தயாரிப்பு நிறுவனமாக இருக்க வேண்டும். முதல் குறும்படம் எடுக்கும் இயக்குநருக்கு உங்கள் நகரத்தின், மாநிலத்தின் திரைப்பட நிதியே கிட்டத்தில் இருக்கிறது.

100-க்கு 78 போட்டாங்க, ஆனா ரிஜெக்ட். என்ன நியாயம்?

எராஸ்மஸ் பிளஸ் கூட்டாண்மைகளில் 60 என்பது தேறும் மதிப்பெண். பணம் கிடைக்கும் மதிப்பெண் அல்ல. தேறியவர்களை வரிசைப்படுத்தி, பணம் தீரும் இடத்தில் கோடு போடுவார்கள். அந்தக் கோடு நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒவ்வொரு பகுதியிலும் பாதி மதிப்பெண்ணாவது எடுக்க வேண்டும் என்பதும் விதி. மதிப்பீட்டாளரின் குறிப்புகள் உங்களுக்கு வரும். கோபம் ஆறிய பிறகு அவற்றைப் படித்துத் திருத்தி அடுத்த சுற்றில் மறுபடி போடுங்கள்.

நேரமும் முக்கியம். தேசிய முகமைக்குப் போகும் விண்ணப்பங்கள் கடைசி நாளில் பிரஸ்ஸல்ஸ் நேரப்படி நண்பகல் 12 மணியோடு முடியும், நிர்வாக முகமைக்குப் போவன பொதுவாக மாலை 5 மணியோடு. ஒரு நிமிடம் தாண்டினாலும் கணினி வாங்காது.

ஹங்கேரி யுனிவர்சிட்டில எராஸ்மஸே கிடையாதாமே, உண்மையா?

பாதி உண்மை. அங்கே பல அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொதுநல அறக்கட்டளைகளின் கையில் கொடுத்துவிட்டார்கள், ஆளும் கட்சியைச் சேர்ந்தவர்கள் அவற்றின் குழுக்களில் அமர்ந்தார்கள். நலமுரண் இருக்கிறது என்று சொல்லி, அந்த அறக்கட்டளைகளோடும் அவை நடத்தும் நிறுவனங்களோடும் புது ஒப்பந்தம் போடுவதை ஒன்றிய நாடுகளின் மன்றம் 2022 டிசம்பரில் தடைசெய்தது. 21 பல்கலைக்கழகங்கள் மாட்டிக்கொண்டன. அரசின் கீழேயே இருந்த, புடாபெஸ்டின் ஈ.எல்.டி.ஈ. பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குப் பாதிப்பு இல்லை. தடைக்கு முன் போட்ட ஒப்பந்தங்களும் தொடர்ந்தன. ஹங்கேரி அரசு பன்னோனியா என்ற பெயரில் சொந்த உதவித்தொகை ஒன்றைத் தொடங்கியது. கட்சிக்காரர்களை உட்கார வைத்தவர்கள் வேறு, வாய்ப்பை இழந்த மாணவர்கள் வேறு என்பதால் இந்தத் தடை எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. முண்டஸ் கூட்டமைப்பில் ஹங்கேரியப் பல்கலைக்கழகம் இருந்தால், அதன் இப்போதைய நிலையை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

2027-க்கு அப்புறம் இதெல்லாம் இருக்குமா?

பெயரளவில் எராஸ்மஸ் பிளஸ் இருக்கும். 2028–2034-க்கு 4,080 கோடி யூரோ ஒதுக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. இப்போது தனியாக இருக்கும் இளைஞர் தன்னார்வப் படையும் அதற்குள் வரும். கிரியேட்டிவ் யூரோப்பைக் குடியுரிமை, விழுமியங்கள் திட்டத்தோடு இணைத்து ‘அகோரா ஈ.யூ.’ என்று 860 கோடியில் புதிதாக ஆக்கவும் அதே முன்மொழிவு சொல்கிறது. ஏழாண்டு நிதித்திட்டத்துக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமித்து இசைய வேண்டும், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். அதனால் இந்த எண்கள் பேரத்தில் குறையலாம்.

இப்போது விண்ணப்பிக்கிறவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2027 வரையிலான அழைப்புகள் இன்றைய விதிகளின்படிதான் வரும். முண்டஸ் படிப்புகளுக்கான ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே போடப்படுபவை. 2027-இல் சேர்கிறவருக்கு 2028-இலும் 2029-இலும் வர வேண்டிய மாதத் தொகை அந்த ஒப்பந்தத்தின்படியே வரும்.